இரண்டு தரம் கீழே, ஒரு தரம் என்டர்

பஞ்சலிங்கம் அண்ணைக்குக் கடை இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்கரியரில் கட்டியிருக்கும் தகரப் பெட்டிதான் அவருடைய கடை. நாலைந்து ஸ்குரூ டிரைவர், காற்றடிக்கிற ஒரு சைக்கிள் பம், சுருட்டிக் கட்டிய வயர்கள், ஒரு பழந்துணி, இவ்வளவும் அதற்குள் இருக்கும். தெல்லிப்பழை, மல்லாகம், அளவெட்டிப் பக்கம் எந்த வீட்டில் கொம்பியூட்டர் நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் போகும்.

ஆயத்தமாகப் பெட்டியில் வருகிற கொம்பியூட்டரை வாங்கும்படி அவர் ஒருவருக்கும் சொல்வதில்லை. யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் ஒரு கடையில் வெற்றுப் பெட்டி, இன்னொரு கடையில் போர்ட், தெரிந்த ஒருவரிடம் பாவித்த டிஸ்க் என்று தேடி எடுத்து வந்து, தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் பொருத்துவார். பொருத்தி முடிந்தாலும் உடனே தரமாட்டார். இருபத்தொரு தரம் போட்டு, இருபத்தொரு தரம் நிற்பாட்டிப் பார்ப்பார். ஒரு தரம் தடக்கினாலும் முதலிலிருந்து எண்ணுவார். பிறகு பக்க மூடியின் உட்புறத்தில் கறுத்தப் பேனையால் திகதியும் சொந்தக்காரரின் பேரும் எழுதி மூடுவார்.

எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி மின்விசிறிக்குள் போய் அடைந்துவிடும். வருடத்தில் இரண்டு தரம் வந்து சைக்கிள் பம்மால் அடித்து அதை வெளியேற்றுவார். அப்போது மட்டும் ஒரு பகிடி விடுவார்.

“தங்கச்சி, உங்கடை கொம்பியூட்டருக்குள்ளை ஒரு பாத்தி வெங்காயம் நடலாம்.”

தங்கச்சி என்று அவர் கூப்பிட்டது குணலட்சுமி அக்காவை. தெல்லிப்பழைச் சந்திக்குக் கிட்ட இருக்கிற சின்ன அச்சகம் அக்காவுடையது. நான் அங்கே தமிழ் அடிக்கிறேன். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் கல்வெட்டு. செத்தவரின் வரலாறு, தேவாரம், வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல், எல்லாம் சேர்த்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்து விடுகிற புத்தகம். அந்த நாள் தப்பினால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. அதனால் கல்வெட்டு வேலையில் நாங்கள் பிந்தியதே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழ் வேகமாக அடிப்பேன். இங்கிலிசு எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்லுவேன். அவை வரிசையாக வந்து நின்றால் என் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை நான் அச்சகத்தில் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எனக்கு அது பிடிபட்டுவிடும். வேலை முழுவதையும் அப்படித்தான் பழகினேன். வாயைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன்.

எங்கள் கொம்பியூட்டருக்குள் இரண்டு வழி இருந்தது. ஒன்று பழைய விண்டோஸ். நாங்கள் பாவிக்கிற பழைய தமிழ் எழுத்துரு அதில்தான் ஒழுங்காக வேலை செய்யும். மற்றது லினக்ஸ். ஆட்கள் கொண்டுவருகிற பென்டிரைவ்களால் வைரஸ் வருகிறதென்று, ஈமெயில் பார்ப்பதற்கும் படம் இறக்குவதற்கும் அண்ணை போட்டுத் தந்தது. காலையில் கொம்பியூட்டரைப் போட்டதும் கறுத்த திரையில் ஐந்து வெள்ளை வரி வரும். எந்த வழி என்று கேட்கும். அந்த வரிகளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கீழ் அம்புக்குறியை இரண்டு தரம் அழுத்தி, என்டரை ஒரு தரம் அழுத்தினால் விண்டோஸ் வரும். ஏழு வருடம் அப்படித்தான் அழுத்தினேன். நான் வாசித்துத்தான் அழுத்துகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

போன வருடம் மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி நின்றது. நின்று வந்தால் அந்த ஐந்து வரியும் வராது. ஒரு வரி இங்கிலிசும் ஒரு மின்னுகிற கோடும் மட்டும் நிற்கும். அண்ணை வந்து பார்த்தார்.

“கொம்பியூட்டர் எழும்பினவுடனை ஒரு சந்தியிலை வந்து நிக்கும் தங்கச்சி. அந்தச் சந்தியிலை நிண்டு இந்த ரோட்டாலை போ, அந்த ரோட்டாலை போ எண்டு காட்டுறவருக்குத்தான் பூட்லோடர் எண்டு பேர். இப்ப நிக்கிறவருக்கு வயது போட்டுது. கரண்ட் வெட்டினால் வழி மறக்கிறார்.”

“அப்ப பென்சனைக் குடுத்து அனுப்புங்கோவன் அண்ணை,” என்றார் அக்கா.

“அனுப்பிப்போட்டு வேறை ஆளை விடுறன்.”

ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பின்னேரம் வரை இருந்து, வழக்கம்போல் இருபத்தொரு தரம் போட்டு நிற்பாட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்சை வாரும். இனி வரி வராது, படம்தான் வரும். மேல் வரிசையிலை ரெண்டு படம். இடம், வலம் எண்டுதான் போகவேணும். கீழ் அம்புக்குறியைத் தொடப்படாது. கீழ் வரிசையிலை இருக்கிறது எனக்குரிய சாமான். விண்டோஸ் முற்றாப் பழுதானால், முதல் நாள் நான் போட்டுத் தந்தமாதிரித் திருப்பி எடுக்கிறதுக்கு அதிலை ஒண்டு வைச்சிருக்கிறன். அதிலை கை வைச்சால் உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் துடைச்சுப்போடும். விளங்கிச்சோ?”

“ஓம் அண்ணை.”

“ஒருக்கால் நீரே அமத்திக் காட்டும்.”

அன்றைக்கு அச்சகத்துக்குள் நாலு பேர் நின்றார்கள். கலியாணக் கார்ட் பார்க்க வந்த இரண்டு பேர். பிறகு பரமலிங்கம் மாஸ்டரும் அவருடைய மகள் உதயகலாவும். மாஸ்டரின் மனிசி செத்து இருபத்தாறு நாள். ஐம்பத்திரண்டு பக்கக் கல்வெட்டு அடித்து முடித்து, மாஸ்டர் கடைசிப் பிழைகளைத் திரையில் பார்த்துத் திருத்த வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. அத்தனை பேருக்கும் முன்னால் அந்தத் திரையில் தடக்குப்படப் பயந்தேன்.

“வேண்டாம் அண்ணை. விளங்கிட்டுது,” என்றேன்.

அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய கை விசைகளை மறைத்திருந்தது.

அடுத்த நாள் காலை எனக்கு முன்னால் யாரும் வரவில்லை. சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டுக் கொம்பியூட்டரைப் போட்டேன். திரையில் என்ன வந்தது என்று கண் பார்க்க முதலே கை அழுத்திவிட்டது. கீழே, கீழே, என்டர். நீலத் திரை ஒன்று வந்து இங்கிலிசில் நீளமாக ஏதோ கேட்டது. இது புதிது, அதனால்தான் கேட்கிறது என்று நினைத்தேன். அண்ணைக்குப் போன் எடுத்திருக்கலாம். எடுத்தால், என்ன எழுதியிருக்கு, வாசியும் பிள்ளை என்று கேட்பார். அதற்குப் பயந்து என்டரை அழுத்தினேன். இன்னொரு தரம் கேட்டது. இன்னொரு தரம் அழுத்தினேன். பிறகு அது கேட்பதை விட்டுவிட்டு இலக்கங்களை எண்ணத் தொடங்கியது. நூறு வரைக்கும் எண்ணியது.

விண்டோஸ் வந்தபோது வெறும் நீலமாக இருந்தது. எங்கள் எழுத்துரு இல்லை. எங்கள் கோப்புகள் இல்லை. மாஸ்டரின் மனிசியின் கல்வெட்டு இல்லை. வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கும்படி அண்ணை எப்போதும் சொல்லுவார். கடைசியாக எடுத்தது அந்தக் கல்வெட்டு வேலை தொடங்க முதல்.

அக்கா வந்து திரையைப் பார்த்தார்.

“என்னடி கஜானி இது?”

“தெரியேல்லை அக்கா. போட்டனான். இப்பிடித்தான் வந்தது.”

அந்த மூன்று வசனத்தைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. அக்கா உடனே போன் எடுத்தார்.

“அண்ணை, நேற்று என்னத்தைச் செய்துபோட்டுப் போனனீங்கள்? எல்லாம் துடைச்சுக் கிடக்கு!”

அவர் பத்து நிமிடத்தில் வந்தார். சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. கதிரையில் இருந்து திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு கதிரையைத் திருப்பி என்னைக் கேட்டார்.

“பிள்ளை, நீர் ஏதும் அமத்தினீரோ? கீழ் வரிசையிலை?”

“இல்லை அண்ணை.”

அவர் ஒரு தரம் தலையை ஆட்டினார். இரண்டாம் தரம் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

புதனும் வியாழனும் எங்கள் அச்சகத்திலேயே இருந்தார். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற ஏதோ ஒன்றைப் போட்டு இரண்டு நாளும் பார்த்தார். பாதிப் பாதியாகச் சில படங்கள் வந்தன. ஒரு படத்தில் மாஸ்டரின் மனிசிக்கு நெற்றி மட்டும் இருந்தது. பக்கத்து மேசையில், கடன் வாங்கிய மடிக்கணினி ஒன்றில், நான் மாஸ்டரின் கையெழுத்துப் பிரதியை வைத்து முதலிலிருந்து அடித்தேன். இரண்டு நாளில் பதினாறு பக்கம்தான் முடிந்தது.

“புதுசாப் போட்டதிலை எங்கையோ பிழை விட்டிட்டன் தங்கச்சி,” என்றார் அண்ணை. “மாஸ்டர் வீட்டை நானே போய்ச் சொல்லுறன். நீங்கள் போய்ப் பேச்சு வாங்க வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை காலை அவர் போனார். பதினாறு பக்கத்தையும் காட்டிவரும்படி அக்கா என்னையும் அனுப்பினார். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்த மாஸ்டரின் தம்பியார் கதிரையில் இருந்தார். அண்ணை பந்தலுக்கு வெளியே நின்றே விசயத்தைச் சொன்னார். உதயகலா அக்கா வாசலுக்கு வந்தார்.

“நல்லா இருந்ததைக் கழட்டிப்போட்டு என்னத்துக்குப் புதுசு போட்டனீங்கள்? எங்கடை அம்மாவின்ரை அலுவலிலையோ நீங்கள் வேலை பழகிப் பாத்தனீங்கள்?”

“பிழை என்ரைதான் பிள்ளை.”

“தண்ணி மோட்டர் பூட்டுறவையைக் கொண்டு இதுகளைச் செய்விச்சால் உப்பிடித்தான்,” என்றார் கதிரையில் இருந்தவர். “நான் திங்கக்கிழமை பிளேன் ஏறவேணும். அண்ணியின்ரை கல்வெட்டு இல்லாமல் வெறுங்கையோடை போறதே?”

மாஸ்டர் ஒன்றும் ஏசவில்லை. பதினாறு பக்கத்தையும் வாங்கி, எண்ணிப் பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை வாற சனத்துக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அதை யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

நான் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றேன். உதயகலா அக்கா என்னைப் பார்த்ததும் குரலை மாற்றினார்.

“நீர் பாவம். எவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சனீர். இதிலை இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

ஒரு தேத்தண்ணிதான் வந்தது. எனக்கு மட்டும். அண்ணை வெயிலில் நின்றார். செத்த வீட்டுக்கு வந்து நிற்கிற ஆளுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் சின்ன விசயமில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டு, அவர் பார்த்து நிற்க, அந்தத் தேத்தண்ணியை முழுவதும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் கல்வெட்டுக்குப் பதிலாக நாலாக மடித்த ஒரு போட்டோக் கொப்பிக் கடுதாசியோடு போனார்கள். அந்தக் கடுதாசிகளை மடித்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் அச்சகத்தில் பஞ்சலிங்கம் அண்ணையின் பேர் வந்தால் யாராவது ஒருவர் சிரிப்பார். “துடைக்கிற அண்ணையோ?” என்று கேட்பார்கள். வாசிகசாலைக்கு ஆறு கொம்பியூட்டர் பொருத்தித் தருவதாக அவரோடு பேசியிருந்தார்கள். வாசிகசாலைத் தலைவர் கனகலிங்கம், பரமலிங்கம் மாஸ்டருக்குச் சொந்தக்காரர். நாலு கொம்பியூட்டரை வேறு இடத்தில் ஆயத்தமாக வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அண்ணை வீடுகளுக்குப் போவதும் குறைந்தது. கூப்பிட்டாலும், தூசி தட்டுவேன், வயர் மாற்றுவேன், உள்ளுக்குள் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறார் என்றார்கள். ஒவ்வொரு தரமும் நான் தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். மூன்று மாதம் அப்படிப் போனது.

மாசி மாதம் எங்கள் கொம்பியூட்டரின் மின்விசிறி சத்தம் போட்டது. அண்ணை போன் எடுக்கவில்லை. போய்க் கூட்டிவா என்று அக்கா என்னை அனுப்பினார். அவருடைய வீட்டு விறாந்தையில் மூடி இல்லாத ஒரு பழைய கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை அதற்கு முன்னால் ஒரு கொப்பியோடு இருந்தார். கொப்பி முழுக்க ஐந்தைந்தாகக் கோடு கீறியிருந்தது.

“வா பிள்ளை, நீயாவது சொல்லு,” என்றார் அவருடைய மனிசி. “மூண்டு மாசமா உந்தக் கொம்பியூட்டரையேதான் கிண்டுறார். போடுறார், நிப்பாட்டுறார். சாப்பாட்டுக்கும் எழும்பிறாரில்லை.”

அண்ணை என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“உங்கடை அச்சகத்திலை போட்ட அதே பூட்லோடர்தான் பிள்ளை. அதே மாதிரிப் போட்டு, நானூற்றுப் பன்னிரண்டு தரம் பாத்திட்டன். கரண்ட் வயரைக் கழட்டிக் கழட்டியும் பாத்தனான். ஒருக்காலும் தானாப் போய்த் துடைக்கேல்லை. அண்டைக்கு எங்கை பிழை விட்டனான் எண்டு பிடிபடுதில்லை. கை பழுதாப் போச்சோ, கண் பழுதாப் போச்சோ தெரியேல்லை.”

பேர் கெட்டதையும் வேலை போனதையும் தெரிந்துகொண்டு மூன்று மாதம் இருந்தவள் நான். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

“அண்ணை, நான்தான் அமத்தினனான்,” என்றேன்.

அவர் ஏசவில்லை. முதலில் கேட்டது, “எத்தினை தரம்?”

“கீழ ரெண்டு தரம். பிறகு என்டர். பிறகு ரெண்டு தரம் கேட்டது, ரெண்டு தரமும் என்டர்.”

அவர் திரும்பி அந்தப் பழைய கொம்பியூட்டரில் அதே மாதிரி அழுத்தினார். நீலத் திரை வந்தது. இரண்டு தரம் கேட்டது. இலக்கம் எண்ணத் தொடங்கியது. கொப்பியை மூடிவிட்டு, அது நூறு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப வேலை சரி,” என்றார். அதைத் தனக்குத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கேக்கிறதை வாசிக்காமல் என்னத்துக்கு அமத்தினீர்?”

“எனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது அண்ணை. முந்தியும் எண்ணித்தான் அமத்தினனான்.”

“அதை எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் படத்திலையே தமிழ் எழுத்தைக் கீறி விட்டிருப்பன். அரை மணித்தியால வேலை.” அவருடைய குரல் அப்போதுதான் உயர்ந்தது. “அரை மணித்தியால வேலை! அதுக்கு நான் அந்தப் பந்தலடியிலை நிண்டு... நீர் பக்கத்திலை நிண்டனீர்!”

மனிசி வாசலில் வந்து நின்றார். அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையிலை கூட்டம். மாஸ்டரும் வருவார். எனக்குச் சொன்னதை அங்கை வந்து சொல்லும்.”

நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணி கேட்கவும் கூச்சப்படுகிறவள். ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசிகசாலையில் ஏழு பேர் இருந்தார்கள். பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அப்படி ஆகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கனகலிங்கம் சிரித்தார். “பஞ்சலிங்கம், நல்ல ஆளைத்தான் பிடிச்சுக் கொண்டந்திருக்கிறீர். இந்தப் பிள்ளை பாவம், ஆர் என்ன சொல்லிக் குடுத்தாலும் சொல்லும்.”

“ஏழு வருசமா அந்தக் கொம்பியூட்டரிலை இருக்கிற பிள்ளை,” என்றார் இன்னொருவர். “எழுதிக் கிடக்கிறதை வாசிக்காமல் என்னத்துக்கு அமத்தப்போகுது?”

அண்ணை எழும்பினார். போகப் போகிறார் என்று தெரிந்தது. போனால் முதல் இருந்ததை விட மோசம். பொய்யும் சொல்லுவித்தவர் என்று ஆகிவிடும்.

“நான் வாசிக்கிறேல்லை,” என்றேன். சத்தம் வரவில்லை. திரும்பச் சொன்னேன். “எனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்போடை நிண்டனான். ஏழு வருசமும் வரியை எண்ணித்தான் அமத்தினனான். அக்காவுக்கும் தெரியாது. அண்ணை கீழ அமத்த வேண்டாம் எண்டு சொன்னவர். ஆக்கள் நிண்டபடியால் வெக்கத்திலை விளங்கிட்டுது எண்டு சொன்னனான்.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பரமலிங்கம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உவர் எங்கடை வீட்டை வந்து பேச்சு வாங்கேக்கை, நீர் பக்கத்திலை நிண்டனீர் என்ன?”

“ஓம்.”

“தேத்தண்ணி குடிச்சனீர்.”

“ஓம் மாஸ்டர்.”

மாஸ்டர் எழும்பி அண்ணையிடம் போனார். “தம்பி, அண்டைக்கு என்ரை மகள் கதைச்சது...” என்று தொடங்கினார்.

“விடுங்கோ மாஸ்டர். அவவுக்கு அம்மா செத்த துக்கம்.”

மிச்ச இரண்டு கொம்பியூட்டரையும் அண்ணையே பொருத்தட்டும் என்று தீர்மானித்தார்கள். வாங்கிய நாலும் வாங்கியதுதான். செயலாளர் கூட்டக் கொப்பியைத் திறந்து, நடந்ததை எழுதி, பலத்து வாசித்தார். என் முழுப் பேரும் அதில் இருந்தது. பஞ்சலிங்கம் அவர்களின் வேலையில் எவ்விதத் தவறும் இல்லை என்று வாசித்தபோது அண்ணை கையை உயர்த்தினார்.

“அப்பிடி எழுதாதேங்கோ. தமிழ் அடிக்கிற இடத்திலை கேள்வியெல்லாத்தையும் இங்கிலிசிலை விட்டது என்ரை பிழை. அதையும் எழுதுங்கோ.”

அது எனக்காகச் சொன்னது என்று நான் நினைக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. வேலையைப் பற்றிச் சொன்னார்.

வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. அவர் தலைக்கவசத்தைப் பூட்டினார்.

“நாளைக்கு அச்சகத்துக்கு வாறன். அந்தப் படங்களுக்குத் தமிழிலை பேர் போடவேணும். என்னென்ன பேர் எண்டு எழுதி வையும்.”

முன்பு என்னைக் கூப்பிடுகிற பிள்ளை என்ற சொல் அதில் இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. வேலைக்கு வருகிறார், தூசி அடிக்கிறார், வெங்காயப் பகிடியை அக்காவிடம் மட்டும் சொல்கிறார்.

கூட்டத்துக்கு அடுத்த நாள் காலை நான் போக முதலே அக்காவுக்குச் சேதி போயிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையைத் துடைத்தார். நான் ஒரு துண்டுக் கடுதாசி எடுத்து எழுத இருந்தேன். முதல் படத்துக்கு, அச்சு வேலை. இரண்டாவதுக்கு, ஈமெயில். கீழ் வரிசைப் படத்துக்கு எது சரியான சொல் என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு, இதை அமத்தினால் எல்லாம் அழியும், தெரியாவிட்டால் பஞ்சலிங்கம் அண்ணையைக் கேட்கவும் என்று எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து அதை வாசித்தார்.

“படத்துக்குள்ளை இவ்வளவும் கொள்ளாதடி,” என்றார்.

“சின்ன எழுத்திலை போடச் சொல்லுறன் அக்கா,” என்றேன்.